சென்னைப் பள்ளிக்கரணையில் சதுப்பு நிலப் பறவைகளைப் படமெடுக்க எப்போது போகலாம், என்ன லென்ஸ் வேண்டும்?

பள்ளிக்கரணை என்று நீங்கள் கேட்டிருப்பதால் அதை வைத்தே சொல்கிறேன். அக்டோபரிலிருந்து மார்ச் வரை போங்கள், வலசைப் பறவைகளும் அப்போதுதான் சேரும். விடிந்து இரண்டு மணி நேரம்தான் நல்ல வெளிச்சம், அப்புறம் நீரிலிருந்து கானல் எழும்பி, எவ்வளவு விலை லென்ஸ் வைத்திருந்தாலும் படம் கலங்கலாகத்தான் வரும்.

தூரத்துப் பறவையைக் கிட்டே காட்டும் 400 எம்எம் லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பைனாகுலர் மட்டும் எடுத்துப் போங்கள், முதல் நாலைந்து தடவை பார்க்கக் கற்றுக்கொள்வதே பெரிய வேலை. நத்தைகுத்தி நாரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அலகு முழுசாக மூடாமல் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும், குஞ்சுகளுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் வரும். சேற்றில் அலகை விட்டுத் துழாவி, நத்தை கிடைத்ததும் தலையை லேசாக ஆட்டி ஆட்டிச் சதையை வெளியே இழுக்கும். அந்த ஆட்டம் தொடங்கியதும் ஷட்டரை அழுத்துங்கள்.

கொக்கு மாதிரி வெள்ளைப் பறவை இருண்ட தண்ணீர்மேல் நின்றால் கேமரா ஏமாந்து இறகையெல்லாம் வெளுத்துவிடும், எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் (வெளிச்சத்தை அளக்கும் படி) குறையுங்கள். நெடுங்கால் உள்ளானுக்குக் கண் சிவப்பு, ஃபோகஸ் அங்கே. பறக்கும்போது எடுக்க ஷட்டர் வேகம் 1/2000 நொடி வேண்டும்.

கிட்டே போகாதீர்கள். மேய்வதை நிறுத்தி எல்லாம் ஒரே பக்கம் நடக்க ஆரம்பித்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். கல்லெறிந்து பறக்கவிட்டுப் படமெடுக்கும் ஆட்களோடு மட்டும் சேராதீர்கள்.