8 வயது மகன், பணி ஓய்வு பெற்ற மாமனார்: இருவருக்கும் தோட்ட வேலை மருந்தாகுமா?

உங்கள் மகன் பள்ளி விட்டு வந்ததும் கைப்பேசியை எடுத்தால் கீழே வைப்பதில்லை, சிறு ஏமாற்றத்துக்கும் கத்தித் தீர்க்கிறான். மாமனாரோ பணி ஓய்வுக்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டு அறைக்குள் ஒடுங்கிவிட்டார். அண்ணா நகர் அடுக்ககத்தில் தெற்குப் பார்த்த ஒரு பால்கனியும் மொட்டை மாடியில் ஒரு மூலையும் இருக்கின்றன. நிறையச் செடிகள் வைத்தால் இருவருக்கும் சீக்கிரம் குணம் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லள். பக்கவாதத்தில் வலது கை தளர்ந்துபோன என் அப்பாவோடும், அப்போது 7 வயதாக இருந்த என் மகளோடும், கொளத்தூரில் ஒரு மொட்டை மாடியில் நான்கு ஆண்டுகளாகச் செடி வளர்த்துவருகிறவள் என்ற அளவில் மட்டுமே இதை எழுதுகிறேன்.

‘நிறைய’, ‘சீக்கிரம்’ என்ற இரண்டு சொற்களையும் முதலில் கைவிடச் சொல்வேன், ஏனெனில் அந்த இரண்டையும் நம்பித்தான் நான் ஏமாந்தேன். அப்பா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் மாதம், பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், 20 வளர்ப்புப் பைகளில் தக்காளி, கத்தரி, மிளகாய் என்று நாற்றுகளை நட்டு வரிசையாக அடுக்கி, “இனி இதெல்லாம் உங்க பொறுப்பு” என்று அவரிடம் ஒப்படைத்தேன். பைகள் தரையில் இருந்தன. அவரால் குனிய முடியாது. பூவாளியைத் தூக்க இடது கை மட்டும் போதவில்லை. அக்கினி நட்சத்திரம் முடிவதற்குள் பாதிக்கு மேல் கருகிவிட்டன. “ஒரு செடியைக்கூட என்னால காப்பாத்த முடியல” என்று அவர் சொன்னபோது, மனத்தைத் தேற்றுவதற்கென்று கொண்டுவந்த ஒன்றையே தோல்விக் கணக்கில் இன்னொரு வரியாக நான் ஏற்றிவிட்டேன் என்பது புரிந்தது.

வீட்டுக்கு வந்து கைப்பயிற்சி அளித்துக்கொண்டிருந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான் அதைத் திருத்தினார். தக்காளி காய்ப்பது நமக்கு முக்கியமில்லை, இந்தக் கைக்கு எந்த வேலை பொருந்தும் என்று பார்த்து அந்த வேலையைத் தரும் செடியைத் தேடுங்கள் என்றார். மறுநாளே பைகளை ஓரம் கட்டிவிட்டு, இடுப்பு உயர மேசை ஒன்றைப் போட்டு, அதன்மேல் இரண்டே இரண்டு தொட்டிகள் வைத்தோம். ஒரு கிண்ணத்தில் வெந்தயம். வலது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொரு விதையாக எடுத்து மண்ணில் வைக்க வேண்டும். முதல் நாள் 12 விதைகளுக்கு 20 நிமிடங்கள் ஆயின, அவற்றில் பாதி மேசையில் உருண்டன. தண்ணீர் தெளிக்கத் துணி தேய்க்கும்போது பயன்படுத்தும் ஸ்பிரே பாட்டில். அதன் விசையை அழுத்துவது விரல்களுக்கு நல்ல பயிற்சி என்பதால் பூவாளியைத் தரவே கூடாது என்பது அவருடைய கட்டளை. ரப்பர் பந்தைப் பத்து முறை பிசையச் சொன்னால் முகம் சுளிக்கும் அப்பா, அதே கையால் நாற்பது முறை விசையை அழுத்தினார். எண்ணிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளிக்கு ஓர் இலக்கு வைத்து, அதற்கேற்ற வேலைகளைத் தேர்ந்து, முன்னேற்றத்தைக் குறித்துக்கொண்டே நடத்துவது தோட்டக்கலைச் சிகிச்சை. நாம் வீட்டில் செய்வது தோட்ட வேலை. அதற்கும் பலன் உண்டு, ஆனால் அதைச் சிகிச்சை என்று அழைத்துக்கொண்டு மருந்தையும் மருத்துவரையும் விட்டுவிடக் கூடாது.

பலன் உண்டு என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பீர்கள். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைக்குப் பிறகு தங்கியிருந்த 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டதில், சன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர், வீரியமான வலிமருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அப்பாவின் கட்டில் பக்கத்து அடுக்ககத்தின் பூசாத சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்ததால், இதைப் படித்த அன்றே கட்டிலைத் திருப்பிப் போட்டேன். 2011இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், மன அழுத்தம் தரும் ஒரு பணியை முடித்த 30 பேரில் ஒரு பகுதியினர் அரை மணி நேரம் தோட்ட வேலை செய்தனர், மற்றவர்கள் உள்ளே அமர்ந்து வாசித்தனர். அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் இரு சாராருக்கும் குறைந்தது, ஆனால் தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. இரண்டுமே சிறிய ஆய்வுகள்தாம், அவை தாங்கும் எடையைத்தான் அவற்றின்மேல் ஏற்ற வேண்டும். மண்ணில் உள்ள ஒரு பாக்டீரியா மகிழ்ச்சியைத் தருகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பெரும்பாலும் எலிகளிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அதை நம்பி மண்ணை முகரச் சொல்ல மாட்டேன்.

என் அனுபவத்தில் எனக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது, ரேச்சல் கப்லான், ஸ்டீஃபன் கப்லான் என்ற உளவியலாளர் இணையர் முன்வைத்த விளக்கம். கணக்கு, மின்னஞ்சல், வாகன நெரிசல் ஆகியவற்றில் நாம் கவனத்தை வலிந்து இழுத்துப் பிடித்திருக்கிறோம், அது களைத்துப்போகிறது. இலை அசைவதும் எறும்பு ஊர்வதும் கவனத்தை வலிக்காமல் ஈர்ப்பதால், களைத்த பகுதிக்கு ஓய்வு கிடைக்கிறது என்பது அதன் சாரம். கைப்பேசியும் ஈர்க்கத்தானே செய்கிறது என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். அது ஈர்ப்பதோடு நில்லாமல் அடுத்தது, அடுத்தது என்று விரட்டவும் செய்கிறது. வெண்டைச் செடி யாரையும் விரட்டுவதில்லை.

இனி உங்கள் மகனைப் பற்றி. ‘கிண்டர்கார்ட்டன்’ என்ற பெயரைத் தந்த ஜெர்மானியர் ஃபிரோபல், 1840ஆம் ஆண்டுவாக்கிலேயே ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென ஒரு பாத்தி வேண்டும் என்று வைத்திருந்தார். 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரியும் செடி, பிராணி வளர்ப்பைக் குழந்தைக் கல்வியின் உள்ளேயே வைத்தவர். ‘தனக்கென’ என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய சொல். அவன் தொட்டியில் நீங்கள் களை எடுக்கக் கூடாது, அவன் மறந்த நாளில் இரகசியமாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது, விருந்தினரிடம் காட்டிப் பெருமைப்படவும் கூடாது. செத்தால் சாகட்டும், ஐந்து ரூபாய் விதைதானே.

பொறுமை இல்லாத குழந்தைக்கு ரோஜாவோ மல்லிகையோ வாங்கித் தருவது வீண். வெந்தயம் மூன்று நாட்களுக்குள் முளை காட்டும். முளைக்கீரையை 25 நாட்களில் பிடுங்கலாம். வெண்டை 40 நாட்களை ஒட்டிப் பூக்கும், அந்த மஞ்சள் பூ அன்றைக்கே வாடிவிடும், காலையில் அது விரிவதைப் பார்க்கவே என் மகள் சீக்கிரம் எழுந்திருக்கிறாள். காராமணியை நட்டபோது அவள் தினமும் மண்ணைத் தோண்டி முளைத்துவிட்டதா என்று பார்த்தாள். இரண்டு விதைகள் அப்படியே போயின. திட்டவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரின் உட்பக்கத்தில் ஈரமான காகிதத்தைச் சுற்றி, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விதையைச் செருகி வைத்தோம். வேர் முதலில் கீழே இறங்குவதையும், டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் வேர் மறுபடி வளைந்து கீழேயே போவதையும் பார்த்த பிறகு, மண்ணுக்குள்ளும் அதுதான் நடக்கிறது என்று அவளே முடிவுசெய்து தோண்டுவதை நிறுத்தினாள்.

சேறு படுமே என்று அஞ்ச வேண்டாம். பின்லாந்தில் 3 முதல் 5 வயது வரையிலான 75 குழந்தைகளை வைத்து நடந்து 2020இல் வெளியான ஆய்வில், காப்பக முற்றத்தில் காட்டு மண்ணும் புல்லும் செடித் தொட்டிகளும் வைத்த 28 நாட்களில், அங்கு விளையாடியவர்களின் தோலில் பாக்டீரிய வகைகள் பெருகி, நோய் எதிர்ப்பு அமைப்பிலும் நல்ல மாற்றங்கள் தெரிந்தன. கழுவிக்கொண்டால் போதும்.

மாமனாருக்குப் பொழுதுபோக்கு தேவைப்படவில்லை என்றே நினைக்கிறேன். நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்தவருக்குத் தேவை ஒரு பொறுப்பு, அதுவும் சுமக்கக்கூடிய அளவில். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, விதைத்த தேதி, முளைத்த தேதி, உரம் இட்ட நாள் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். நினைவு மங்கத் தொடங்கியவர்கள் வீட்டில் இருந்தால் மரிக்கொழுந்து, துளசி, திருநீற்றுப்பச்சை போன்ற பழகிய வாசனைச் செடிகள் நல்லவை. பெயர் மறந்தவருக்கும் வாசனை ஊரையும் திருவிழாவையும் கொண்டுவந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் பேச்சு திரும்பியது ஒரு சண்டையில். கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போல் இருந்த ஒரு புழு சில நாட்களில் பச்சையாகிக் கொழுத்து, கிளை கிளையாக மொட்டையடித்தது. அப்பா கிள்ளி எறியச் சொன்னார். மகள் அது பட்டாம்பூச்சியாகும் என்று செடிக்கு முன்னால் நின்றுகொண்டாள். “ஆகட்டும், ரசத்துக்கு இலைக்கு நான் எங்க போறது?” என்று அவர் கேட்டது, அந்த மாதத்தில் அவர் தாமாகப் பேசிய முதல் முழு வாக்கியம். இரண்டு நாட்கள் வாதம் நடந்தது. மூன்றாம் நாள் நோட்டுப் புத்தகத்தில், கோணலான எழுத்தில், “கறிவேப்பிலை: இடப்பக்கக் கிளை புழுவுக்கு” என்று எழுதியிருந்தார். ஆகவே இருவருக்கும் தனித்தனித் தொட்டிகள் கொடுங்கள், ஆனால் அவை அருகருகே இருக்கட்டும்.

சென்னைக்கென்று சில எச்சரிக்கைகள். தெற்குப் பார்த்த பால்கனிக்கு ஐப்பசியிலிருந்து மாசி வரை நல்ல வெயில் வரும்; சித்திரைக் கடைசியிலிருந்து ஆடி வரை உச்சி வேளையில் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் நேர் வெயில் குறையும், அப்போது கீரையை மாடிக்கு மாற்றி நிழல் வலைக்கு அடியில் வையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும்; ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் நீரில் உப்பு இன்னும் அதிகம், அதை ஊற்றவே வேண்டாம், அரிசி களைந்த நீர் நல்லது. மண்ணோடு தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவில் கலந்தால் தொட்டியின் எடை குறையும், வயதானவர் நகர்த்தவும் எளிது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித் தோட்டத் தளைகளை (பை, விதை, உரம் முதலியவை அடங்கிய தொகுப்பு) வழங்கும்போது வாங்கிக்கொள்ளலாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் டெங்குக் கொசுவையும் சேர்த்து வளர்ப்பீர்கள். குழந்தை இருக்கும் வீட்டில் அரளியும் டிஃபன்பேக்கியா என்ற அழகுச் செடியும் வேண்டாம், இரண்டும் நச்சு. மாமனாருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், மழைக்காலத்தில் கையுறையும் செருப்பும் இல்லாமல் மண்ணைத் தொடவிடாதீர்கள். மெலியாய்டோசிஸ் என்ற தொற்று ஈர மண்ணிலிருந்து, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு, காயத்தின் வழியே வரக்கூடியது.

இரண்டு வாரங்களுக்கு மேல் அவர் சரியாகத் தூங்காமலோ சாப்பிடாமலோ இருந்தால், அல்லது வாழ்வதில் பயனில்லை என்ற தொனியில் ஏதாவது சொன்னால், செடியை நம்பிக் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மற்றபடி, இந்த வாரம் இரண்டு தொட்டிகளும் ஒரு பிடி வெந்தயமும் மட்டும் வாங்குங்கள். காலை எட்டு மணிக்கு முன்பு கால் மணி நேரம் போதும். மாமனார் முதல் நாள் வரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். மகனை மட்டும் அழைத்துப் போய்விட்டு, முளை வந்த அன்று தாத்தாவிடம் தேதியைக் குறித்துக்கொள்ளும்படி அவனையே சொல்லச் சொல்லுங்கள்.