பனிக்கண்டத்துக்குப் பாசி எப்படிப் போனது?

கேள்வி: அண்டார்டிகாவிலும் பாசி வளர்கிறதாமே, யார் கொண்டுபோனது? எல்லாம் ஒரே செடியின் நகல்தானா?

பதில்: காற்றுதான் முக்கியமான வண்டி. நான் சொல்வது குளத்துப் பாசி இல்லை, ஈரச் சுவரில் மெத்தை மாதிரிப் படருமே, அது. அதற்கு விதை கிடையாது, தூள் போன்ற வித்துகள் (ஸ்போர்கள்)தான். கடல் தாண்டியும் பறக்கும். ஆனால் அண்டார்டிகா போன பிறகு, அந்தக் குளிரிலும் வறட்சியிலும் பல இனங்கள் வித்து விடுவதே அபூர்வம். ஒடிந்த துணுக்கை காற்றோ பனி உருகிய நீரோ இழுத்துப்போய்ப் போட்டால் அங்கே முளைத்துவிடும், ஸ்குவா பறவைகளும் கூடு கட்டப் பாசியைப் பிய்த்துக்கொண்டு போகின்றன. அப்படியானால் எல்லாம் நகல்தானே என்று தோன்றும். இல்லை! நகரத்து நடைபாதை இடுக்கில்கூட வளரும் பிரையம் அர்ஜென்டியம் என்ற பாசியின் டிஎன்ஏவைப் பார்த்தபோது, அது அண்டார்டிகாவுக்கு வெவ்வேறு காலங்களில் பலமுறை வந்து சேர்ந்தது தெரிந்தது.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த சேதி: அண்டார்டிகா பக்கம் இருக்கும் சிக்னி தீவின் உறைமண்ணில் 1,500 ஆண்டுகளுக்கு மேல் புதைந்திருந்த பாசியை எடுத்து, வெளிச்சமும் கொஞ்சம் வெப்பமும் கொடுத்ததும் சில வாரங்களில் துளிர்விட்டது. 2014-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். அதாவது பழைய மரபணுக்கள் பனிக்குள் இன்னும் உயிரோடு காத்திருக்கின்றன.