அரிப்பு மாத்திரை மேல் மட்டும் பழி போடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 24. மில் ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ராத்திரி பத்து மணிக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழுகிறேன். ஆனாலும் பதினோரு மணிக்கெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் கண் சொக்குகிறது. மூன்று வருடமாக இப்படித்தான். தோல் அரிப்புக்காக ஆறு மாதமாக ராத்திரியில் அவில் மாத்திரை போடுகிறேன். அது மூளையில் ஹிஸ்டமினைத் தடுப்பதால்தான் தூக்கம் வருகிறது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அப்படியானால் ஹிஸ்டமினைக் கூட்டினால் தூக்கம் போய்விடுமா? எந்த உணவில் அது இருக்கிறது? தோழிகள் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்தால் கை தளர்ந்து டம்ளரைக் கீழே போட்டுவிடுகிறேன். அதற்கும் வீட்டில் திட்டு. விடியற்காலையில் அமுக்குவான் பேய் வேறு. அம்மா கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறார். சோம்பேறி என்ற பெயர் நிலைத்துவிட்டது. என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, மாத்திரையைப் பற்றிக் கேட்கத்தான் எழுதினீர்கள். நடுவில் போகிற போக்கில் டம்ளர் நழுவுவதைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. தூக்கம் மூன்று வருடமாக, மாத்திரை ஆறு மாதமாக. ஆகவே தொந்தரவு மாத்திரையால் ஆரம்பிக்கவில்லை. ஆனால் மாத்திரை அதைக் கூட்டியிருக்கலாம். உடம்பில் அரிப்பு, தடிப்பு, மூக்கொழுகல் எல்லாம் வரவைக்கிற ஹிஸ்டமின் என்ற அதே வேதிப்பொருள் மூளைக்குள் வேறு உத்தியோகம் பார்க்கிறது, நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. அவில் போன்ற பழைய தலைமுறை மாத்திரைகள் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைத் தாண்டி உள்ளே போய், ஹிஸ்டமின் உட்கார வேண்டிய எச்-1 ஏற்பிகளை அடைத்துக்கொள்கின்றன. இருமல் மருந்திலும் சளி மாத்திரையிலும் இருக்கிற குளோர்ஃபெனிரமினும் அந்த ரகம்தான். புதிய தலைமுறை அரிப்பு மாத்திரையான ஃபெக்சோஃபெனடின் மூளைக்குள் அநேகமாக நுழைவதில்லை. செட்ரிசின் இரண்டுக்கும் நடுவில், சிலருக்குத் தூக்கம் தரும். மாற்றித் தர முடியுமா என்று தோல் டாக்டரிடம் கேளுங்கள்.

மூளைக்குள் ஹிஸ்டமினைத் தயாரிக்கிற நரம்பணுக்கள், மூளையின் அடிப்பகுதியில் இருக்கிற ஹைபோதலாமஸ் என்ற பகுதியின் பின்புறத்தில் ஒரு சின்ன முடிச்சாக இருக்கின்றன. மனிதருக்கு மொத்தமே சுமார் 64,000. கோடிக்கோடியாக அணுக்கள் இருக்கிற மூளையில் இது ஒன்றுமே இல்லை, ஆனால் அவற்றின் கிளைகள் மூளை முழுக்கப் போகின்றன. விழித்திருக்கும்போது இவை ஓயாமல் துடிக்கும், தூங்கினால் அடங்கிவிடும். அந்த இடத்துக்கும் விழிப்புக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு முதல் தடயம் நூறு வருடத்துக்கு முன்பே கிடைத்தது. முதல் உலகப் போர் காலத்தில் ஒரு விசித்திரமான மூளைக் காய்ச்சல் பரவியபோது, நாள்கணக்கில் தூங்கியே இறந்துபோனவர்களின் மூளையில் ஹைபோதலாமஸின் பின்பகுதி கெட்டிருப்பதை வியன்னாவில் வான் எகோனமோ என்ற டாக்டர் கண்டார். அங்கே இருப்பவை ஹிஸ்டமின் அணுக்கள் என்று தெரிந்தது 1984-ல்தான்.

சரி, சாப்பாட்டில் கூட்டலாமா? முடியாது. வெளியே இருக்கிற ஹிஸ்டமின் மூளைக்குள் போகாது. மூளை தனக்கு வேண்டியதை ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. சரியாக ஐஸ் போடாத சூரை மீனில் ஹிஸ்டமின் ஏராளமாக உண்டாகும். அதைச் சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தலைவலி வரும், விழிப்பு வராது.

இனி டம்ளர். சிரிப்போ திடீர் சந்தோஷமோ வரும்போது கை, முழங்கால், தாடை சட்டென்று தளர்ந்து, சில நொடிகளிலோ ஒன்றிரண்டு நிமிடத்திலோ தானே சரியாவதற்குக் கேட்டப்ளெக்சி என்று பெயர். பகல் தூக்கமும் இதுவும் சேர்ந்து வந்தால், டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது நார்கோலெப்சி என்ற நோயை, அதாவது மூளை தூக்கத்தையும் விழிப்பையும் சரியாகக் கட்டுப்படுத்த முடியாமல் போவதை. தூக்கத்திலிருந்து விழிக்கும் நேரத்தில் உடம்பை அசைக்க முடியாமல் யாரோ நெஞ்சில் உட்கார்ந்து அமுக்குவதுபோல் இருப்பதும் இதில் அடிக்கடி வரும். அமுக்குவான் ஆரோக்கியமானவர்களையும் எப்போதாவது பிடிப்பான். மூன்றும் ஒருவருக்கே இருப்பதுதான் யோசிக்க வைக்கிறது. (அம்மா கட்டிய கயிறு இருக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. அதை நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்தால்தான் கெடுதல்.)

ஒன்று கேட்கிறேன். டம்ளர் நழுவும்போது சுற்றி நடப்பதெல்லாம் தெரிகிறதா? தெரியும் என்று நினைக்கிறேன். அதற்குக் காரணம் ஹிஸ்டமினாக இருக்கலாம். இந்த நோயுள்ள நாய்களை ஆராய்ந்தபோது, கேட்டப்ளெக்சி வந்து தசைகள் தளர்ந்து கிடக்கும் நேரத்திலும் ஹிஸ்டமின் அணுக்கள் மட்டும் துடித்துக்கொண்டே இருந்தன. விழிப்புக்கு உதவுகிற வேறு சில அணுக்கள் அப்போது அடங்கிவிடுகின்றன. அதனால்தான் உடம்பு விழுந்தாலும் நினைவு தப்புவதில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். வலிப்பா, மயக்கமா என்று பிரித்துப் பார்க்க டாக்டருக்கு இந்த ஒரு விவரம் ரொம்ப உதவும்.

ஆனால் நோய்க்கு மூலகாரணம் ஹிஸ்டமின் குறைவு இல்லை. வீடியோக்கள் சறுக்குகிற இடம் இது. அந்த முடிச்சுக்குப் பக்கத்திலேயே ஓரெக்சின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்கள் இருக்கின்றன. ஹிஸ்டமின் அணுக்களைத் தட்டியெழுப்புவதும் அவற்றின் வேலை. கேட்டப்ளெக்சியோடு வரும் நார்கோலெப்சியில் இந்த ஓரெக்சின் அணுக்களில் 85 முதல் 95 சதவீதம் வரை அழிந்துபோயிருப்பதை 2000-ல் கண்டார்கள். ஹிஸ்டமின் கதை அவ்வளவு நேராக இல்லை. 2009-ல் நோயாளிகளின் தண்டுவட நீரில் ஹிஸ்டமின் குறைவு என்றார்கள். 2012-ல் இன்னொரு குழு அளந்தபோது வித்தியாசம் தெரியவில்லை. 2013-ல் இறந்தவர்களின் மூளையில் எண்ணிப் பார்த்தால் ஹிஸ்டமின் அணுக்கள் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தன! ஓரெக்சின் போன குறையை ஈடுகட்டத்தான் கூடினவா என்ற விவாதம் நடக்கிறது. ‘ஹிஸ்டமின் குறைந்தால் தூக்க நோய்’ என்று ஒரே வரியில் முடிப்பவர்களை நம்பாதீர்கள்.

காரணம் எதுவானாலும், ஹிஸ்டமினைக் கூட்டித் தூக்கத்தைக் குறைக்கும் மருந்து உண்மையிலேயே வந்துவிட்டது. ஆக, உங்கள் கேள்வி அசட்டுக் கேள்வி இல்லை. ஹிஸ்டமின் அணுக்களின் மேலேயே எச்-3 என்ற ஏற்பி இருக்கிறது. தொட்டி நிரம்பியதும் மிதவை மேலே வந்து குழாயை அடைக்கிற மாதிரி, ஹிஸ்டமின் போதுமான அளவு வெளியே வந்ததும் அது சுரப்பை நிறுத்திவிடும். பிடோலிசன்ட் என்ற மருந்து அந்த மிதவையை எழவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் 2016-லும் அமெரிக்காவில் 2019-லும் நார்கோலெப்சிக்கு அனுமதி பெற்றது. உடனே வேலை செய்யாது, முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. கர்ப்பத்தடை மாத்திரையின் பலனையும் குறைத்துவிடும். கூடவே அவில் போட்டால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கின கதைதான். எல்லோருக்கும் இதுதான் என்றும் இல்லை, மோடாஃபினில் போன்ற வேறு மருந்துகளும் உண்டு. எதையும் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

அதற்கு முன் பரிசோதனை. நரம்பியல் டாக்டரிடம் போங்கள், தூக்க ஆய்வுக்கூடம் இருக்கும் மருத்துவமனையாக இருந்தால் நல்லது. தைராய்டு, ரத்தசோகை, மன அழுத்தம், குறட்டையோடு மூச்சு அடைப்பது ஆகியவற்றை முதலில் பார்ப்பார்கள். பகல் தூக்கத்துக்கு நார்கோலெப்சியைவிட அவைதான் அதிகம் காரணம். பிறகு ஒரு ராத்திரி அங்கேயே தூங்கச் சொல்லி மூளை அலைகளைப் பதிவு செய்வார்கள். மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், நான்கைந்து முறை, தூங்கிப் பார்க்கச் சொல்வார்கள். தூக்கம் வர ஆகும் நேரம் சராசரியாக 8 நிமிடம் அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா, படுத்ததுமே கனவுத் தூக்கத்துக்குள் போகிறீர்களா என்று கணக்கிடுவார்கள். அவில் இந்தக் கணக்கைக் குழப்பும். எத்தனை நாளுக்கு முன் நிறுத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரம், பகலில் கண் அசந்த நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து எடுத்துப் போங்கள்.

வேலைக்கு ஸ்கூட்டியில் போகிறீர்களா என்று எழுதவில்லை. போகிறீர்கள் என்றால் முடிவு தெரியும்வரை பஸ்ஸில் போங்கள். மதியம் சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் தூங்க மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள். நார்கோலெப்சி உள்ளவர்களுக்கு அந்தக் குட்டித் தூக்கமே ஓரிரு மணி நேரத்துக்குத் தெம்பு தரும். அடுத்த தடவை சிரித்துக் கை தளரும்போது, பக்கத்தில் இருக்கும் தோழியைச் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டாக்டர் அறையில் அது பெரும்பாலும் வராது, வீடியோவில்தான் அவர் பார்க்க முடியும்.