சாம்பாரில் உப்பு கூடிப்போயி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கேரள எல்லையை ஒட்டிய புளியரை மலைச்சாலை ஓரத்தில் நானும் என் மனைவியும் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறோம். பதினாறு பேர் உட்காரலாம். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்களுக்கும் கூட்டம் வரும். அக்கா மகன் கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்துக் கொடுத்தான். 19 பேர் ஸ்டார் போட்டிருந்தார்கள், சராசரி 4.7. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டம் நிரம்பிய நேரத்தில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. வேறு சிலிண்டர் வர நாற்பது நிமிஷம் ஆனது. அன்று ராத்திரிக்குள் மூன்று பேர் ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டார்கள். 4.2க்கு இறங்கிவிட்டது. ஒருவர் ஈ மொய்க்கிறது என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் யாரும் போகாதீர்கள் என்கிறார். மூன்றாமவர் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அதற்கு முன்பே ஒருவர் மூன்று ஸ்டார் போட்டு, இங்கிலீஷ் எழுத்தில் 'கொல்லம்' என்று ஊர்ப் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். என் மனைவி ராத்திரியெல்லாம் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள்.

இவற்றை நீக்க முடியுமா? பதில் எழுதலாமா, பேசாமல் இருப்பதா? அக்கா மகன் தன் ஆபீஸ் நண்பர்கள் இருபது பேரை ஐந்து ஸ்டார் போடச் சொல்கிறேன் என்கிறான், செய்யலாமா? நானும் போன வருஷம் தென்காசியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்கு ஒற்றை ஸ்டார் போட்டவன்தான். அவருக்கு மொத்தமே நாலு பேர்தான் போட்டிருந்தார்கள், நாலும் ஐந்து. ஆனால் அவர் இரண்டு நாள் இழுத்தடித்தார். அது நியாயமான கோபம்.

எஸ்., புளியரை

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் என் சித்தியின் கடையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஆரியங்காவு போகிற வழியில் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தினேன். எஸ் வளைவுக்குக் கீழே, சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் இருந்தது கடை. இப்போது அங்கே கடை இருந்த அடையாளமே இல்லை.

எண்பதுகளில் அங்கே லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும். காய்கறி, வைக்கோல் எல்லாம் மேலே போகும். மரமும் ரப்பரும் கீழே வரும். ரசீதில் முத்திரை விழும்வரை டிரைவர்கள் சித்தி கடையில்தான் இருப்பார்கள். பள்ளிக்கூட லீவில் நான் அங்கே வெங்காயம் உரித்திருக்கிறேன். புனலூர்க்காரர் ஒருவர், வாரம் இரண்டு முறை வருவார். ஒருநாள் இரண்டாவது இட்லியோடு எழுந்து நேராக அடுப்படிக்கே வந்து, "சேச்சி, சாம்பாரில் உப்பு கூடிப்போயி" என்றார். கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சித்திக்கு முகம் சிவந்துவிட்டது. "நாலு மணிக்கு எந்திரிச்சு ஒத்தையில கிடந்து சாகுதேன், உமக்கு உப்புக் கூடிப்போச்சோ?" என்று கரண்டியோடு சண்டைக்குப் போனாள். அவர் காசை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் போனபிறகு ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அண்டாவில் வெந்நீரை ஊற்றினாள்.

அடுத்த தடவை அவர் வந்தபோது, எல்லாருக்கும் முன்னால் அவருக்கு ஒரு கிண்ணம் சாம்பார் வைத்துவிட்டு இடுப்பில் கையோடு நின்றாள். அவர் குடித்துப் பார்த்துவிட்டு, "இன்னு உப்பு போரா" என்றார், இன்றைக்கு உப்புப் போதவில்லையாம். அதற்கும் சண்டை. அவர் அந்த வழியாக வண்டி ஓட்டிய காலம்வரை இது நடந்தது. அவர் வாயில் பட்டுத்தான் அந்தக் கடை சாம்பார் ஒரு பக்குவத்துக்கு வந்தது என்று சித்தியே பின்னாளில் சொல்லியிருக்கிறாள்.

அந்த டிரைவர் ஏன் முகத்துக்கு நேரே சொன்னார்? அவர் நல்லவர் என்பதற்காக மட்டும் அல்ல. வியாழக்கிழமை அவர் திரும்பவும் அங்கேதான் சாப்பிட்டாக வேண்டும். சித்தி திருந்தினால்தான் அவருக்கு வாய்க்கு ருசி. உங்களிடம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களுக்கு அந்தத் தேவை இல்லை. குளித்துவிட்டுத் தென்மலை போகிறவர்கள், இனி உங்கள் கடைப்பக்கம் வருவார்களோ மாட்டார்களோ. அதனால் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் வருகிற முகம் தெரியாதவனுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவனுக்கு அது உதவி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாம்பாரைச் சரிசெய்ய உங்களுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. நாற்பது நிமிஷம் காத்திருந்த மனிதர் ஐந்து அடி தள்ளி நின்ற உங்களிடம் "எவ்வளவு நேரம் ஆகும் அண்ணே" என்று கேட்கவே இல்லையே, அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

இது பெரிய கடைகளை இவ்வளவு தொடுவதில்லை. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தை யெல்ப் என்ற விமர்சனத் தளத்தின் ஸ்டார்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடியது. அதுவும் தனியார் நடத்தும் ஒற்றைக் கடைகளுக்குத்தான். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கடைகளில் அந்த மாற்றம் தெரியவில்லை. அவற்றின் பெயரே போதும், ஸ்டாரைப் பார்க்க வேண்டியதில்லை. பதினாறு நாற்காலி போட்ட உங்களுக்குத்தான் அது கழுத்தில் உட்காருகிறது. உங்கள் மனைவி தூங்காமல் இருப்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஆனால் அந்த எண்ணை ஏதோ கருவி காட்டிய அளவு என்று நம்பாதீர்கள். ஆரியங்காவு பால் சோதனைச் சாவடியில் டேங்கரில் மாதிரி எடுத்து முறையாகச் சோதிக்கிறார்கள். அங்கேயே 2023 ஜனவரியில் ஒரு டேங்கர் பாலில், கெடாமல் இருக்கக் கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பதாகக் கேரளப் பால்வளத் துறை சொன்னது, உணவுப் பாதுகாப்புத் துறையின் சோதனை இல்லை என்றது. ரசாயனம் படித்தவர்கள் கையிலேயே இப்படி என்றால், பசியில் இருந்தவர் விரலுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது?

அந்தக் 'கொல்லம்' ஊர்ப் பெயர் இல்லை தம்பி. 'கொள்ளாம்' என்று எழுதியிருக்கிறார். மலையாளத்தில் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். இங்கிலீஷ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நம் செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. நம் தாத்தாக்களுக்கு இந்த வார்த்தை புரிந்திருக்கும். உங்கள் மனைவியிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

நீக்க முடியுமா என்று கேட்டீர்கள். பொய்க் கணக்கு, ஆபாசம், சம்பந்தமில்லாத பேச்சு என்றால் புகார் செய்யலாம், கூகுள் பார்த்து எடுக்கலாம். சாப்பாடு தாமதமா இல்லையா என்ற வழக்கில் அவர்கள் இறங்குவதில்லை. விட்டுவிடுங்கள்.

இருபது நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சாதத்தில் ஒரு பருக்கைகூடத் தின்னாத இருபது பேர் ருசியைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும், அப்படித்தானே? வாடிக்கையாளர் விமர்சனங்களுக்கென்றே ஐஎஸ் 19000:2022 என்று ஒரு தர விதி நம் நாட்டில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியது, கடைக்காரரே ஆள் வைத்து எழுதியது எல்லாம் கூடாது என்கிறது. 2022இல் வந்தபோது அது கட்டாய விதி இல்லைதான். ஆனால் உங்களுக்கு விதி எதற்கு? அந்த மூன்றாமவர் ஒரு வார்த்தையும் எழுதாமல் குத்தினார் என்று அழுகிறீர்கள். அவராவது சாப்பிட வந்தவர்.

அப்புறம் அந்த ஈ. இருந்ததா, இல்லையா? இவ்வளவு நீளக் கடிதத்தில் அதை மட்டும் சொல்லவே இல்லையே.

எல்லாவற்றையும் விட என்னைத் தொந்தரவு செய்வது உங்கள் கடைசி வரிகள். தென்காசிக் கடைக்காரர். நாலு பேர் போட்ட நாலு ஐந்தும் இருபது. உங்கள் ஒன்றைச் சேர்த்தால் 21. ஐந்தால் வகுத்துப் பாருங்கள், 4.2. நீங்கள் தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்களே, அதே 4.2. உங்களை அந்த எண்ணுக்கு இறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அவரை ஐந்திலிருந்து அங்கே இறக்க நீங்கள் ஒருவரே போதும். அவருக்கும் வீட்டில் போனை எடுத்து எடுத்துப் பார்த்த ஒருவர் இருந்திருக்கலாம். உங்களுக்கு சிலிண்டர் தீர்ந்ததுபோல அவருக்கு ஏதோ ஒரு பாகம் வந்து சேரவில்லையோ என்னவோ, கேட்டீர்களா? போன் ரிப்பேர் ஆனதா, இன்றைக்கும் ஓடுகிறதா, அதையும் சொல்லவில்லை. அவரிடம் "ஏன் அண்ணாச்சி லேட்டு" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஒற்றை ஸ்டார் போட்டிருந்தால் இதை நான் எழுதவே மாட்டேன். உங்களுக்கு வந்தால் அநியாயம், அவருக்கு நீங்கள் செய்தால் நியாயமான கோபமா?

நாம் போட்டதை நாமே எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கூகுளில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து மாற்றாதீர்கள். பஸ் ஏறி தென்காசிக்குப் போங்கள். அவரைப் பாருங்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் கோபம் தீரவில்லை என்றால் அந்த ஒன்று இருக்கட்டும், காரணத்தை அதன் கீழே எழுதுங்கள்.

சித்தி கடையை ஸ்டார் எதுவும் மூடவில்லை. ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலையில் வணிகவரிச் சாவடிகளை எடுத்தார்கள், லாரிகள் நிற்பது குறைந்துபோனது, சித்தி மகள் ஒரு வருஷம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டுப் பூட்டினாள்.

பதில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போய்விட்டேன். எழுதுங்கள். சிலிண்டர் தீர்ந்துவிட்டது, நாற்பது நிமிஷம் காக்கவைத்துவிட்டோம், வருந்துகிறோம் என்று மூன்று பேருக்கும் எழுதுங்கள். ஈ இருந்திருந்தால் இருந்தது என்றே எழுதுங்கள். ஒரு சிலிண்டர் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

அடுத்த ஞாயிறு செங்கோட்டையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன். உப்புக் கூடியிருந்தால் அடுப்படிக்கே வந்து உங்கள் மனைவியிடம் சொல்வேன். அவர் என்னைத் திட்டட்டும்.

அன்புடன்,
அண்ணாச்சி