பன்னிரண்டு விலங்குகளும் இரண்டு தாயக்கட்டைகளும்: வாசகர் கேள்வி – பதில்

கும்பகோணம் வாசகி ஒருவர்: சீன ராசி விலங்குகளின் ஆற்றலைப் பரம்பரையாகப் பெற்றவர்கள் இன்றைய அமெரிக்க நகரம் ஒன்றில் மாஜோங் என்னும் சீன ஆட்டத்தின் காய்களை வைத்து மந்திரம் செய்வதாக அமைந்த ஆங்கில நாவலை வாசித்தேன். அப்படியொரு கதையைக் கும்பகோணத்தில் நிகழ்வதாகத் தமிழில் எழுத ஆசைப்படுகிறேன். ஆனால் சீன விலங்குகள் நம் ஊரில் ஒட்டாமல் போய்விடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயங்க வேண்டியதில்லை. இந்தக் கதைக்குக் கும்பகோணத்தைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் வேறில்லை என்றே சொல்வேன். வியாழன் சிம்மத்தில் இருக்கும்போது வரும் மாசிமகத்தையே நாம் மகாமகமாகக் கொண்டாடுகிறோம். ஆண்டுக்கொரு விலங்காக வரும் சீனர்களின் பன்னிரண்டு ஆண்டுச் சுற்றும் பழங்காலம் தொட்டே வியாழனின் ஓட்டத்தோடு சேர்த்து எண்ணப்பட்டதுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1992 பிப்ரவரி 18, 2004 மார்ச் 6, 2016 பிப்ரவரி 22 ஆகிய நாட்களில் நடந்த மூன்று மகாமகங்களும் சீனர்களின் குரங்கு ஆண்டில் வந்தவை. அவற்றுள் 1992, 2016 ஆகிய இரண்டிலும், சீனப் புத்தாண்டு பிறந்து பதினைந்தாம் நாளான பௌர்ணமியன்று, அதாவது அவர்கள் வீதியெங்கும் விளக்குகளைத் தொங்கவிட்டு விளக்குத் திருவிழா கொண்டாடிய அதே நாளில், இங்கே மகாமகக் குளத்தில் தீர்த்தவாரி நடந்தது. அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அதுவும் குரங்கு ஆண்டே. வியாழன் ஒரு சுற்று முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகவே எடுத்துக்கொள்வதால் இந்தப் பொருத்தம் என்றென்றும் நீடிக்காது. நாவலாசிரியருக்கு அதுவும் நல்லதுதான். கைநழுவப்போகும் வாய்ப்பைத் தேடி மனிதர்கள் எதையும் செய்வார்கள்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. சீன ஆண்டுகள் பன்னிரண்டோடு நிற்பவை அல்ல. பத்து ‘வானத் தண்டு’களும் (மரம், நெருப்பு போன்ற ஐந்து தன்மைகள், இரண்டிரண்டாக) பன்னிரண்டு ‘பூமிக் கிளை’களும் (இந்த விலங்குகள்தான்) சேர்ந்து சுழலும்போது அறுபது ஆண்டுகளில் ஒரு பெரும் சுற்று முடிகிறது. நம் பிரபவ முதல் அட்சய வரையிலான சுற்றும் அறுபதுதான். அவர்களுடைய நடப்புச் சுற்று 1984இல் தொடங்கியது, நம்முடையது 1987இல் தொடங்கியது. ஆகவே திருக்கடையூரில் மணிவிழா காணும் ஒருவருக்குப் பிறந்த தமிழ் ஆண்டோடு பிறந்த சீன ஆண்டும் சேர்ந்தே திரும்பி வருகிறது. 1966ஆம் ஆண்டு நடுவில் பிறந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது பராபவ, சீனர்களுக்கு நெருப்புக் குதிரை. இரண்டும் 2026இல் மீண்டும் சந்திக்கின்றன. நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் புகுந்த வீட்டுக்கு ஆகமாட்டாள் என்னும் நம்பிக்கையால் 1966இல் ஜப்பானில் பிறப்புகள் ஏறக்குறையக் கால்பங்கு குறைந்தன. மூல நட்சத்திரத்துப் பெண்களைப் பற்றி நம்மவர்கள் பேசும் பேச்சை அறிந்த வாசகருக்கு இதை விளக்க ஒரு வரிகூடத் தேவைப்படாது. அந்த ஆண்டில் பிறந்து, ஊர் முழுவதன் வாயிலும் விழுந்து எழுந்த அறுபது வயதுப் பெண் ஒருத்தியை உங்கள் கதாநாயகி ஆக்கினால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன். மாய நாவல் என்றாலே பதினெட்டு வயதுப் பிள்ளைகள்தான் உலகைக் காக்க வேண்டுமா என்ன?

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எலி என்றால் சாமர்த்தியம், பன்றி என்றால் தாராளம் என்று வார ராசிபலன் போல ஆளுக்கொரு குணத்தை ஒட்டிவிட்டால் பாத்திரங்கள் பொம்மைகளாகிவிடும். விலங்குகளுக்குள் இருக்கும் உறவுகளைப் பயன்படுத்துங்கள். எலிக்குக் குதிரை, மாட்டுக்கு ஆடு, புலிக்குக் குரங்கு, முயலுக்குச் சேவல், டிராகனுக்கு நாய், பாம்புக்குப் பன்றி என்று ஒவ்வொன்றுக்கும் எதிர் விலங்கு உண்டு. குரங்கு ஆண்டில் மகாமகம் வருமானால், அந்த ஆண்டு புலியின் வாரிசுக்குச் சோதனைக் காலம் என்பது தானாகவே அமைந்துவிடுகிறது.

நாகப்பட்டினம் வாசகர் ஒருவர்: சோழர் காலத்தில் நாகைக்கு வந்த சீன வணிகர்கள் இங்குள்ளவர்களுக்கு மாஜோங் கற்றுக்கொடுத்ததாக எழுதலாமா?

பதில்: கூடாது. மாஜோங் 19ஆம் நூற்றாண்டில் சீனாவில் உருப்பெற்ற ஆட்டம். இராசேந்திரன் காலத்து வணிகர் கையில் அந்தக் காய்களைக் கொடுத்தால் விவரம் அறிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். பன்னிரண்டு விலங்குகள் மிகப் பழையவை. கி.மு. 217ஐ ஒட்டிய சின் காலக் கல்லறையில் கிடைத்த மூங்கில் ஏடுகளிலேயே விலங்குகளின் பட்டியல் இருக்கிறது. ஆகவே விலங்குகளைச் சோழர் காலத்திலும் மாஜோங்கைப் பிற்காலத்திலும் வையுங்கள்.

கடல்கடந்த தொடர்புக்கு உங்கள் ஊரிலேயே சான்று நிறைய உண்டு. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதர்கள் சீன அரசவைக்குச் சென்றிருக்கிறார்கள். ஸ்ரீவிஜய மன்னர் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்னும் பௌத்த மடத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்த செய்தி லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. ‘சீனக் கோபுரம்’ என்று அழைக்கப்பட்ட செங்கல் கட்டடம் ஒன்று கடலில் வருவோர்க்கு அடையாளமாக நெடுங்காலம் நின்று 1867இல் இடிக்கப்பட்டது. இடிக்கும்போது அதனுள் இருந்து ஏதோ ஒன்று வெளியேறி யாரோ ஒருவர் வீட்டில் தங்கிவிட்டது என்று தொடங்கலாமே! அந்த ஏதோ ஒன்று என்ன என்பதைக் கற்பனைக்கு விட்டுவிடுங்கள்; ஆண்டை மட்டும் மாற்றாதீர்கள்.

திருவாரூர் வாசகர் ஒருவர்: விளையாட்டை வைத்து மந்திரம் என்பது எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகப் படுகிறது. காயை உருட்டினால் மின்னல் அடிக்கும் என்றால் யார் நம்புவார்கள்?

பதில்: காயை உருட்டியதும் மின்னல் அடித்தால் நானும் நம்பமாட்டேன். ஆட்டத்தின் விதியே மந்திரத்தின் விதியாக வேண்டும் என்பதுதான் இவ்வகை நாவலின் உயிர்நாடி. மாஜோங்கில் மொத்தம் 144 காய்கள். அவற்றை முதலில் நான்கு பக்கமும் மதிலாக அடுக்கி, பிறகு பகடை உருட்டி ஓரிடத்தில் உடைத்துத்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். ஒவ்வொருவர் கையிலும் பதின்மூன்று காய்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் ஒன்றைக் கழிக்க வேண்டும், கழித்த காயை எதிராளி எடுத்துக்கொண்டு வென்றுவிடவும் கூடும். தனக்கு வேண்டாதது என்று தூக்கிப் போட்டதாலேயே தோற்கும் மந்திரவாதி எத்தனை நல்ல பாத்திரம்! ‘பதின்மூன்று அநாதைகள்’ என்றொரு கை உண்டு. மூன்று வகைக் காய்களின் ஒன்றும் ஒன்பதும், நான்கு ‘காற்று’க் காய்களும், மூன்று ‘டிராகன்’ காய்களும் தலைக்கு ஒன்றாகச் சேர்ந்து, அவற்றுள் ஏதேனும் ஒன்று இரட்டையாக அமைந்தால், எதோடும் சேராத அந்தக் காய்களே மிக உயர்ந்த கைகளுள் ஒன்றாகிவிடும்.

இனி நம் தாயத்துக்கு வாருங்கள். பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு நீளப் பக்கங்கள். மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் இருக்கும், நான்காவது வெறுமை. உள்ளங்கைகளுக்கு நடுவே கணகணவென்று உருட்டித் தரையில் விடும்போது இரண்டு வெறும் பக்கமும் ஒருசேர மேலே வந்தால் அது பூச்சியம் அல்ல, பன்னிரண்டு. பன்னிரண்டு விலங்குகளையும் ஒரே வீச்சில் அழைக்க இதைவிடச் சிறந்த வாசலை யாரும் கற்பனை செய்துவிட முடியாது. பதினாறில் ஒரு வாய்ப்புத்தான் என்பதால் மலிவாகவும் கிடைக்காது. தாயம் விழாமல் காய் இறங்காது. பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் நிற்கும் காயை வெட்ட முடியாது. விதிகள் ஊருக்கு ஊர் மாறும் என்றாலும், எதிராளியின் காயை ஒரு முறையேனும் வெட்டியவர்தான் உள்சுற்றுக்குள் நுழையலாம் என்பது பல வீடுகளில் கண்டிப்பாகப் பின்பற்றப்படும் விதி. இதை அப்படியே மந்திரமாக்கிப் பாருங்கள். வீடு திரும்ப வேண்டுமானால் உன் பாதையில் வரும் ஒருவரையாவது நீ வீழ்த்தியிருக்க வேண்டும். யாரையும் வெட்ட மனமில்லாதவள் கடைசிவரை வெளிச்சுற்றிலேயே சுற்றிக்கொண்டிருப்பாள். திண்ணையில் நாம் சிரித்துக்கொண்டே ஆடிய ஆட்டத்துக்குள் இத்தனை பெரிய அறச்சிக்கல் இருக்கிறது. இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

மன்னார்குடி வாசகி ஒருவர்: என் கதாநாயகன் 1985 ஜனவரியில் பிறந்தவன். அவன் மாட்டு ஆண்டுக்காரன்தானே?

பதில்: இல்லை, எலி. 1985இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 20 அன்றுதான் பிறந்தது. தமிழ் ஆண்டுக்குச் சித்திரை வரை காத்திருக்கும் நமக்கு இது புதிதல்ல. தன்னை மாடு என்று நம்பி வளர்ந்தவன் பாதிக் கதையில் எலி என்று அறிவது நல்ல திருப்பமாகவும் இருக்கும்.

மயிலாடுதுறை வாசகர் ஒருவர்: டிராகனுக்குப் பதில் யாளி, முயலுக்குப் பதில் மயில் என்று பன்னிரண்டையும் தமிழ்ப்படுத்திவிட்டால் என்ன? ஆடுபுலி ஆட்டத்துக்கும் இதில் இடம் உண்டா?

பதில்: முதல் யோசனை எனக்கு உடன்பாடில்லை. தாராசுரத்து யாளி அழகானதுதான். ஆனால் அதற்கென்று தனி வரலாறு இருக்கும்போது இன்னொருவரின் விலங்குக்கு மாற்றாள் ஆக்குவது இரண்டுக்கும் மரியாதை அல்ல. முயலை எடுத்துவிட்டுப் பூனையை வைத்துக்கொண்ட வியட்நாம்காரர்கள் அதைத் தங்கள் மரபாகவே பல தலைமுறை வாழ்ந்து காட்டியவர்கள். ஒரு நாவலின் வசதிக்காகச் செய்வது அதற்கு ஈடாகாது.

இரண்டாவது யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டில் நான்கு விலங்குகள் ஏற்கெனவே நம் ஆட்டங்களில் குடியிருக்கின்றன. ஆடுபுலி ஆட்டத்தில் புலியும் ஆடும், பரமபதத்தில் பாம்பு. பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு முத்துச் சேர்ந்தால் அதைப் ‘பசு’ என்று சொல்லி எடுத்துக்கொள்கிறோம். இவற்றுள் ஆடுபுலிதான் கதைக்கு உரியது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டிக் குதித்து வெட்டும், ஆட்டால் வெட்டவே முடியாது, சூழ்ந்து நின்று புலியை நகரவிடாமல் செய்ய மட்டுமே முடியும். நான் மேலே சொன்ன குரங்கு ஆண்டில், ஏற்கெனவே வலுவிழந்த புலியின் வாரிசை ஆட்டின் வாரிசும் அவளோடு சேர்ந்த எளியவர்களும் மகாமகக் குளத்தின் பதினாறு மண்டபங்களையும் கட்டங்களாகக் கொண்டு மடக்குகிறார்கள் என்றால், உச்சக்கட்டத்துக்கு வேறு எதையும் தேட வேண்டாம். எழுதும் முன் குளக்கரையை ஒருமுறை சுற்றி வந்து, எந்த மண்டபத்திலிருந்து எது தெரிகிறது என்று படம் வரைந்துகொள்ளுங்கள்.