கேள்வி–பதில்: அனுசரணையாளர் தந்த ரின்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பாடசாலை அணியில் உதைபந்தாட்டம் ஆடுகிறான், 800 மீற்றரும் ஓடுகிறான். போட்டிக்கு முன் ஒரு ரின் எனர்ஜி டிரிங்க் குடிக்காவிட்டால் கால் எழும்பாது என்கிறான். போன போட்டியில் அனுசரணையாளரே பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தாராம். இதுவும் குளுக்கோஸ் மாதிரித்தானே? தடுக்க வேண்டுமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: தடுக்க வேண்டும் அம்மா, இன்றைக்கே. குளுக்கோஸ் வேறு, இது வேறு.

அனுசரணையாளர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருவதே அந்த இடத்தில்தான். நம் மைதானங்களில் போட்டி நாளன்று போய்ப் பாருங்கள். வேலி முழுக்கப் பதாகை, சீருடையின் முதுகில் கொம்பனிப் பெயர், ஒலிபெருக்கியில் ஓயாத விளம்பரம். பிள்ளை முகம் கழுவி ஒரு மிடறு குடிக்கக் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வருகிறது. நா வறண்டு நிற்கிற பிள்ளைக்கு முன்னால் ஐஸ் பெட்டியோடு ஒருவர் வந்து நின்றால் அது கைநீட்டத்தான் செய்யும். வியாபாரி தன் வியாபாரத்தைப் பார்க்கிறார். அவருக்குக் கதவைத் திறந்துவிட்ட அதிபரையும் ஏற்பாட்டுக் குழுவையும்தான் நான் கேட்கிறேன்: தண்ணீர் வைக்க உங்களுக்கு என்ன தடை? பத்திரகாளி அம்மன் தேரன்று தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல் போடுகிற ஊர் இது. வருகிறவர் யார், எவர் என்று பாராமல் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் ஊற்றிக் கொடுக்கிற கைகள், பிள்ளைகள் ஓடுகிற நாளில் மட்டும் எங்கே போகின்றன?

இனி ரின்னுக்குள் இருப்பதைச் சொல்கிறேன். 250 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் சாதாரணமாக 80 மில்லிகிராம் கஃபீன் (தேயிலையிலும் கோப்பியிலும் இருக்கிற ஊக்கப்பொருள்), ஆறேழு தேக்கரண்டி சீனி. பெரிய ரின் என்றால் இரண்டும் இரட்டிப்பு. பிள்ளைகளுக்கு ஒரு நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 மில்லிகிராம் கஃபீனைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் வைத்த கணக்கு. 40 கிலோ பையனுக்கு அது 120 மில்லிகிராம். பெரிய ரின்னில் இருப்பதோ 160. காலையில் குடித்த தேத்தண்ணியை நான் இன்னும் கூட்டவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2011இலேயே, பிள்ளைகளின் உணவில் இந்தப் பானத்துக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட்டது. லித்துவேனியா 2014இலும் போலந்து 2024இலும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையே தடை செய்தன.

உங்கள் மகன் விவரமானவன் என்றால், "ஒலிம்பிக் வீரர்களே கஃபீன் எடுக்கிறார்கள், தடையில்லை" என்பான். உண்மைதான். உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தார் 2004இல் அதைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், இன்றும் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். வளர்ந்த ஆட்களுக்கு அது கொஞ்சம் வேகம் கொடுக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை. அந்த ஆட்களுக்குப் பக்கத்தில் வைத்தியர் இருக்கிறார், எடை பார்த்து அளவு சொல்ல ஆள் இருக்கிறது. உங்கள் பையனுக்குப் பக்கத்தில் இருப்பது ஐஸ் பெட்டி.

கச்சான் காற்று வீசுகிற நாளில் திருகோணமலையில் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வியர்வை காய்ந்து சட்டையில் வெள்ளை உப்பாகப் படியும். உடம்புச் சூட்டைத் தணிக்க இதயம் ஏற்கெனவே இரத்தத்தைத் தோலுக்கு இறைத்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் கஃபீன் போய் அதை இன்னும் விரட்டுகிறது. அதைவிட மோசம், களைப்பை மறைக்கிறது. "நில், இரு" என்று உடம்பு சொல்வது பிள்ளைக்குக் கேட்காமல் போகிறது. அவ்வளவு சீனி கலந்த பானம் வயிற்றிலிருந்து இறங்கவும் சுணங்கும். ஓடும்போது குமட்டுவதும் வயிறு பிடிப்பதும் அதனால்தான். மாலை ஐந்து மணிக்குக் குடித்த கஃபீனில் பாதியளவு இரவு பத்து மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். தூக்கம் கெடும், மறுநாள் சோர்வு வரும், சோர்வுக்கு இன்னொரு ரின். வளர்ச்சிக்கான ஹோர்மோன் நிறையச் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள்.

ஒன்றில் கவனம். 2016 முதல் நம் நாட்டில் குளிர்பானங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போடுகிறார்கள். அந்த நிறம் சொல்வது சீனியின் அளவை மட்டும். சீனி சேர்க்காத எனர்ஜி டிரிங்கில் பச்சை இருக்கும், கஃபீனும் அப்படியே இருக்கும். பச்சையைப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

என் பழைய சண்டையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்ல விளையாட்டுப் போட்டியைக் காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு நிறுத்துங்கள், மிச்சத்தை நாலு மணிக்குப் பிறகு வையுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எழுதினேன். பிரதம விருந்தினருக்கு அந்த நேரம் வசதிப்படாது என்று ஒரு பழைய மாணவர் சங்கம் கோபித்துப் பதில் அனுப்பியது. பிள்ளைகள் வெயிலில் அணிவகுத்து நிற்க, பொன்னாடையும் உரையும் நிழலில் நடக்கின்றன. விருந்தினர் வசதிப்படும்போது வரட்டும், பிள்ளைகளை அதுவரை நிழலில் இருத்துங்கள் என்றுதான் இன்றும் சொல்வேன்.

மகனுக்கு என்ன கொடுப்பது? தம்பலகாமத்து எருமைத் தயிர் வீட்டில் இருந்தால் போட்டிக்கு முதல் நாளே நிறையத் தண்ணீர் விட்டுக் கடைந்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் நறுக்கிப் போட்டுக் குடிக்கக் கொடுங்கள். போட்டியன்று இரண்டு மணித்தியாலம் முன்னால் இடியப்பமோ புட்டோ, ஒரு வாழைப்பழம். மைதானத்துக்குப் பெரிய போத்தலில் தண்ணீர், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் இன்னொன்று. இடைவேளைக்குத் தோடம்பழத் துண்டுகள். வயிற்றோட்டத்துக்கு வாங்குகிற ஜீவனிப் பக்கெற் ஒன்றும் பையில் கிடக்கட்டும். எனர்ஜி டிரிங்க் குடித்த பிறகு நெஞ்சு படபடத்தது, தலை சுற்றியது என்று எப்போதாவது சொன்னானா என்று கேளுங்கள். ஆம் என்றால் ஓட்டத்தை நிறுத்தி முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிறகு, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று, மைதானத்தில் இந்த ரின்களைக் கொடுக்கக்கூடாது, இரண்டு தண்ணீர்த் தாங்கி வைக்க வேண்டும் என்று கேளுங்கள். கூட்டக் குறிப்பில் எழுதவும் சொல்லுங்கள். மறுத்தால் மறுத்த காரணத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.