இரண்டு வயதுப் பிள்ளையும் பின்பக்கத்து மண்ணும்

தங்கச்சி, இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, இரண்டு வயது மகன் வீட்டுக்குள் அடைந்து கிடந்து அழுகிறான், பின்பக்கம் இருக்கிற கொஞ்சம் மண்ணில் அவனோடு செடி வளர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வளர்க்கலாம். விளையாட்டுப் பள்ளிக்கு எவ்வளவு ஆகும், எந்தப் பொம்மை நல்லது என்பதையெல்லாம் வேறு யாராவது சொல்வார்கள். எனக்குச் சொல்ல ஆளில்லாமல் போனதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், ஏற்கெனவே அங்கே நிற்கும் செடிகளைப் பாருங்கள். அரளியும் ஊமத்தையும் நமக்குத் தெரியும். கண்டதும் பிள்ளையை இழுத்துக்கொள்வோம். குளிர்நாட்டுச் செடிகளில் அந்தப் பழக்கம் நமக்கில்லை. அழகாகப் பூக்கும் ஃபாக்ஸ்குளோவ் இதயத்தைப் பாதிக்கிற நஞ்சு. டாஃபடில் என்ற பூச்செடியின் கிழங்கு அசல் வெங்காயம் மாதிரியே இருக்கும், அதுவும் நஞ்சுதான். முன்பு குடியிருந்தவர்கள் எதை நட்டுவிட்டுப் போனார்களோ! பெயர் தெரியும்வரை எதையும் தொடவிடாதீர்கள். வீடு ரொம்பப் பழையது என்றால் இன்னொன்று: அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருந்தது. அது உரிந்து சுவரோரத்து மண்ணில் கலந்திருக்கலாம். மண்ணை வாயில் போடும் வயதில் ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மண்ணைச் சோதித்துப் பார்க்கும்வரை, தொட்டியும் வாங்கிய மண்ணும் போதும்.

அப்புறம் தண்ணீர். தலைகுப்புற விழுந்த குழந்தை மூழ்க 5 சென்டிமீட்டர் ஆழமே போதும். நான் கதவைச் சாத்தத் திரும்பிய நேரத்தில் என் மகன் வாளிக்குள் விழுந்தான். மேலே இரண்டு மஞ்சள் பூட்ஸ் மட்டும் தெரிந்தன. ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி இன்றைக்கும் என் நெஞ்சில் இருக்கிறது. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.

நம்மவர்கள் பலர் கார் நிறுத்தவென்று பின்பக்கம் முழுக்க சிமெண்டு போட்டுவிட்டு, பிள்ளை ஃபோனை விடமாட்டேன் என்கிறான் என்று புலம்புகிறார்கள். மண்ணைத் தொட்டால் சளி பிடிக்கும் என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. சளி கிருமியால் வருவது, மண்ணால் அல்ல.

விதைக்கு முள்ளங்கி எடுங்கள். நாலைந்து நாளில் முளைத்துவிடும், ஒரு மாதத்தில் பிடுங்கலாம்; அதற்குமேல் அந்த வயதுக்குப் பொறுமை கிடையாது. விதையை நீங்களே கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். சாயம் பூசிய விதை வேண்டாம், அது மருந்து தடவியது. எதையும் நடாமல் ஒரு மூலையை அவன் தோண்டுவதற்கென்றே விட்டுவிடுங்கள். அவனுக்குத் தோட்டம் என்றால் அந்த மூலைதான்.

வெயில் அடிக்கிறதே என்று அவசரப்பட்டு நாற்றை வெளியே வைக்காதீர்கள். நான் வந்த முதல் வசந்தத்தில் ஜன்னலோரம் வளர்த்த அத்தனை நாற்றையும் ஒரே நாளில் வெளியே நட்டேன். இரவு உறைபனி விழுந்து காலையில் எல்லாம் கருகிக் கிடந்தன. வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பாட்டி பார்த்துவிட்டு, கடைசி உறைபனி எப்போது, ஒரு வாரம் பத்து நாள் பகலில் மட்டும் வெளியே வைத்து எப்படிப் பழக்குவது என்று கையைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர் பேசிய மொழி எனக்குப் பாதிதான் புரிந்தது. இப்போது இந்தத் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

அன்று நான் கருகிய செடிகளைப் பிடுங்கிக்கொண்டே அழுதேன். மகன் பின்னால் வந்து நின்றான். பிடுங்கிய குழியிலிருந்து ஒரு மண்புழுவை எடுத்து, உள்ளங்கையில் பொத்தி, என் மடியில் கொண்டுவந்து வைத்தான்.